சிரிப்பும் தீர்ப்பும்: துப்பறியும் கதையில் தேவன் கண்ட புதுநெறி

கொலைக் கதை ஒன்றைப் படித்து முடித்த வாசகர் தனியே இருக்க விரும்புவதில்லை. அதே கதையைப் படித்த மற்றொருவரைத் தேடிச் செல்கிறார். குற்றவாளி யார் என்று எந்த இடத்தில் ஐயம் எழுந்தது, ஆசிரியர் எந்தத் தடயத்தைக் கண்முன் வைத்துக்கொண்டே மறைத்தார், முடிவு நேர்மையானதா, ஏமாற்றா என்று இருவரும் வழக்காடத் தொடங்குகின்றனர். வேறெந்த இலக்கிய வகையும் வாசகரை இவ்வாறு நீதிபதியாக்கி அமர்த்துவதில்லை. 1926ஆம் ஆண்டில் அகதா கிறிஸ்டி எழுதிய ரோஜர் அக்ராய்டின் கொலை என்னும் நாவல் இதற்குத் தலைசிறந்த சான்று. கிங்ஸ் அபட் என்னும் கற்பனைச் சிற்றூரில் செல்வர் ஒருவர் கொலையுண்டு கிடக்கிறார். ஊர் மருத்துவரே கதையைச் சொல்லிச் செல்கிறார். ஓய்வு பெற்றுக் காய்கறித் தோட்டம் போட வந்த புவாரோ உண்மையைக் காண்கிறார். அந்த முடிவு நேர்மையானதா என்ற வாதம் நூல் வெளிவந்த நாள் தொட்டு இன்றுவரை ஓயவில்லை. 1945இல் அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன், அக்ராய்டைக் கொன்றவர் யாராயிருந்தால் எவருக்கு என்ன என்று பொருள்படும் தலைப்பிலேயே இவ்வகை எழுத்தைக் கடிந்து எழுதினார். 2013இல் இங்கிலாந்தின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கத்தார் வாக்களித்து, அந்த நாவலையே இத்துறையின் தலைசிறந்த நூலாகத் தேர்ந்தனர். திறனாய்வாளர் தீர்ப்பு ஒன்றாகவும் வாசகர் தீர்ப்பு வேறாகவும் நிற்பது இத்துறையின் தலையெழுத்துப் போலும்.

தமிழில் இந்த வழக்கு யாரைச் சுற்றி நடைபெற்றது என்று ஆராய்வோர்க்கு முதன்மையாகத் தோன்றும் பெயர் தேவன். இங்கிலீஷ் மர்மக் கதையின் மேதையான துப்பறிவாளரை வங்கிக் குமாஸ்தா ஒருவரின் அசட்டு உருவத்தில் இறக்கி வைத்துச் சிரிக்கச் செய்தவர் அவர். அக்கதையின் இறுதித் தீர்ப்பை வரவேற்பறையிலிருந்து எடுத்து நீதிமன்றத்தில் வைத்தவரும் அவரே. நாற்பத்து மூன்று ஆண்டுகளே நீடித்த அவர்தம் வாழ்வு, தமிழ் வாசகருக்கும் எழுத்தாளருக்கும் இடையிலான உறவு எத்தகையது என்பதைக் காட்டும் வரலாறாகவும் அமைந்துள்ளது.

முன்னோர் வகுத்த பாதை

தேவன் எழுதத் தொடங்கிய காலத்தில் துப்பறியும் கதை தமிழுக்குப் புதியதன்று. காஞ்சியைப் போலவே பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியிலிருந்து வந்த ஆரணி குப்புசாமி முதலியார், ஆனந்தபோதினி இதழின் ஆசிரியராக இருந்து, மேனாட்டு மர்ம நாவல்களைத் தழுவி எண்ணற்ற கதைகளை எழுதிக் குவித்தார். பிரெஞ்சு எழுத்தாளர் காஸ்டன் லெரூவின் நாவல் அவர் கையில் மஞ்சளறையின் மர்மம் ஆயிற்று. ஜே. ஆர். ரங்கராஜு 1908இல் வெளியிட்ட இராஜாம்பாள், துப்பறியும் கோவிந்தன் என்னும் பாத்திரத்தை வீடுதோறும் அறிமுகப்படுத்தியது. வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரைப் படைத்தார். அவரது மேனகா 1935இல் திரைப்படமாகவும் வெளிவந்தது.

இம்மூவரும் பல்லாயிரம் பேருக்குப் படிக்கும் பழக்கத்தை ஊட்டினர். ஆயினும் கற்றோர் அவையில் அவர்களுக்குப் பெருமதிப்புக் கிட்டவில்லை. இரவல் சரக்கு என்றும், நேரத்தைப் பாழாக்கும் நூல்கள் என்றும் பலர் அவற்றை ஒதுக்கினர். அந்தக் குற்றச்சாட்டில் ஓரளவு உண்மையும் இருந்தது. ஊரும் பேரும் தமிழாக இருப்பினும், பல கதைகளில் நிகழ்ச்சியின் எலும்புக்கூடு இலண்டனுக்கோ பாரிசுக்கோ உரியதாகவே இருந்தது. துப்பறிபவர் பிழையே செய்யாதவர். மாறுவேடம் அவருக்குக் கைவந்த கலை. வாசகர் அவரை வியந்து நோக்கலாமேயன்றி, அவரோடு சரிக்குச் சரி நின்று வாதிட இயலாது. இந்நிலையை மாற்றுவதற்கு வேறொரு மனப்பாங்கு வேண்டியிருந்தது.

திருவிடைமருதூரிலிருந்து விகடன் வரை

ஆர். மகாதேவன் என்னும் இயற்பெயர் கொண்ட தேவன், 1913ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூரில் பிறந்தார். மகாலிங்கசுவாமி திருக்கோயிலும், அதன் நெடிய தேரோடும் வீதிகளும், காவிரிப் பாசன வளமும் சூழ்ந்த ஊர் அது. திண்ணைப் பேச்சும் கோயில் திருவிழாவும் கச்சேரியும் ஒன்றோடொன்று கலந்த அவ்வாழ்க்கை, மனிதரின் பேச்சையும் பாவனையையும் கூர்ந்து நோக்கும் பயிற்சியை இளமையிலேயே அவருக்கு அளித்தது எனலாம். பள்ளியில் சாரணப் படைக்குப் பொறுப்பாயிருந்த ஆசிரியர் கோபாலசாமி ஐயங்கார் மாணவர்களுக்குக் கதை சொல்வதில் வல்லவர். அவரிடம் கேட்ட கதைகளே மகாதேவனுக்குக் கதைப்பித்தை ஊட்டின.

பின்னர் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். தென்னாட்டின் கேம்பிரிட்ஜ் என்று போற்றப்பட்ட அக்கல்லூரியில் ஆங்கில இலக்கியப் பயிற்சி உயர்ந்த நிலையில் இருந்தது. சிறிது காலம் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். அந்நாளில் ஆனந்த விகடனுக்கு அவர் அனுப்பிய நகைச்சுவைக் கட்டுரை ஒன்று, அதன் ஆசிரியர் பொறுப்பிலிருந்த கல்கியின் கருத்தைக் கவர்ந்தது. இருபத்தோராம் வயதில் அவ்விதழின் உதவியாசிரியராகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

எஸ். எஸ். வாசன் 1928இல் ஏற்று நடத்தத் தொடங்கிய ஆனந்த விகடன், அப்பொழுது தமிழ்நாட்டின் மிகப் பெரிய வார இதழ்களுள் ஒன்றாக வளர்ந்து வந்தது. கல்கியின் எழுத்தும் மாலியின் கோட்டோவியமும் அதன் இரு கண்கள். அந்தச் சூழலில் தேவன் எழுத்தின் நுட்பத்தோடு இதழ் நடத்தும் நுட்பத்தையும் கற்றார். ஒவ்வொரு வாரமும் குறித்த நாளில், குறித்த பக்க அளவில், வாசகர் அடுத்த வாரத்துக்கு ஏங்கும்படி நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவது எளிய செயலன்று. மர்மக் கதைக்கு அக்கலை உயிர்நாடி போன்றது.

கல்கி விகடனை விட்டு விலகி 1941இல் தம் பெயரிலேயே இதழ் கண்டார். அவர் விட்டுச் சென்ற வெற்றிடம் பெரிது. அதை நிரப்பும் பொறுப்பு தேவனை வந்தடைந்தது. 1942இல் விகடனின் நிர்வாக ஆசிரியரானபொழுது அவருக்கு வயது முப்பது கூட நிரம்பவில்லை. இரண்டாம் உலகப் போர் காரணமாகத் தாளுக்குக் கடும் பஞ்சம் ஏற்பட்டிருந்த காலம் அது. ஜப்பானியர் குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சென்னை நகர மக்கள் திரள்திரளாக வெளியூர்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்தனர். அச்சம் நிறைந்த அந்நாள்களிலேதான் தமிழ் வாசகரின் வீட்டுக்குள் சாம்பு அடியெடுத்து வைத்தார்.

மேதையல்லாத துப்பறிவாளர்

சாம்பு ஒரு வங்கியில் குமாஸ்தா. வழுக்கைத் தலையும் நீண்ட மூக்கும் உடையவர். அறிவுக் கூர்மை என்பது அவர் பக்கமே வந்ததில்லை. அவர் தவறாக ஒரு கதவைத் திறந்தால் உள்ளே திருடர் அகப்படுவர்; பொருத்தமில்லாத ஒரு சொல்லை உளறினால் குற்றவாளி அஞ்சி உண்மையைக் கக்குவான். தற்செயல் நிகழ்ச்சிகளே அவரைப் புகழின் உச்சியில் ஏற்றுகின்றன. இன்ஸ்பெக்டர் கோபாலன் அவர்தம் மேதைமையை மனமார நம்புகிறார். மனைவி வேம்புவும் உலகமும் அவ்வாறே போற்றுகின்றனர். ஓவியர் ராஜுவின் தூரிகையில் சாம்பு உருப்பெற்றபின், அந்த மூக்கைக் கண்ட மாத்திரத்தில் சிரிக்காத தமிழ் வாசகர் இல்லை என்னும் நிலை ஏற்பட்டது.

இதனை வெறும் கேலிக் கதை என்று கருதிவிடுதல் பொருந்தாது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் டாக்டர் வாட்சன் ஹோம்சைக் கண்டு வியக்கிறார். வாசகரும் வாட்சனோடு சேர்ந்து வியக்கிறார். தேவன் அந்த அமைப்பைத் தலைகீழாகத் திருப்பினார். சாம்புவின் கதையில் ஊரே வாட்சன். வாசகர் ஒருவருக்கு மட்டுமே உண்மை தெரியும். ஒருவருடைய புகழ் எவ்வாறு உருவாகிறது, ஏற்கெனவே பெரியவர் என்று பெயரெடுத்தவரின் மௌனத்துக்கும் உளறலுக்கும் உலகம் எவ்வாறு ஆழ்ந்த பொருள் கற்பிக்கிறது என்பதை வாசகர் சிரித்துக்கொண்டே காண்கிறார். மேலும், தற்செயலாக நிகழ்வதாகத் தோன்றும் ஒவ்வொன்றையும் ஆசிரியர் முன்கூட்டியே திட்டமிட்டு அமைக்க வேண்டும். குற்றம் நடந்த வரலாறு ஒரு நூல்; அது வெளிப்படும் வரலாறு மற்றொரு நூல். காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்து, இணைப்புத் தெரியாமல் கோர்வை போடும் நெசவாளரைப் போல அவ்விரண்டையும் பிணைத்தால்தான் அசட்டுத்தனமும் நம்பத்தக்கதாகும். சாம்புவின் முட்டாள்தனத்துக்குப் பின்னால் தேவனின் அறிவு விழிப்போடு உழைத்துக்கொண்டிருந்தது.

இங்கிலாந்திலும் அக்காலத்தில் இவ்வகைக் கதைக்கு இலக்கணம் வகுக்கும் முயற்சிகள் நடந்தன. பாதிரியாரும் எழுத்தாளருமான ரொனால்ட் நாக்ஸ் 1929இல் பத்து விதிகளை எழுதினார். துப்பறிவாளருக்குத் தற்செயல் நிகழ்ச்சி துணைவரக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. சாம்புவின் வெற்றிகள் அனைத்தும் அந்த ஒரு விதியை மீறியவை என்பது எண்ணி மகிழத்தக்கது. விதியை மீறியும் வாசகரை ஏமாற்றாதிருக்க ஒரே வழி, மீறலை வாசகர் கண்முன்னே செய்வதுதான். தேவன் அதைத்தான் செய்தார்.

நீதிமன்றத்தில் அமர்ந்த வாசகர்

சிரிப்பு மட்டுமே தேவனின் முழு உருவமன்று. அவர்தம் பெரு நாவல்களில் குற்றம் ஓர் அறப்பிரச்சினையாக உருவெடுக்கிறது. ஸ்ரீமான் சுதர்சனம் என்னும் நாவலில் குற்றம் செய்பவர் கொடியவர் அல்லர். சொற்பச் சம்பளத்தில் குடும்பம் நடத்த இயலாமல் அலுவலகப் பணத்தில் கைவைத்துவிடும் ஓர் எளிய குமாஸ்தா. யார் குற்றவாளி என்பது அங்கே மர்மமே அன்று. நல்லவர் ஒருவர் எவ்வாறு குற்றவாளியாகிறார் என்பதும், அகப்பட்டுக்கொள்வோமோ என்னும் அச்சம் அவரை எவ்வாறு அரிக்கிறது என்பதும்தான் கதை. மாதக் கடைசியில் கடன் வாங்கிப் பழகிய நடுத்தர வாசகர், சுதர்சனத்தைக் கண்டு முகம் சுளிக்க இயலாமல் தம்மையே நோக்கத் தொடங்குவார்.

ஜஸ்டிஸ் ஜகந்நாதன் என்னும் நாவலோ இத்துறையில் தனித்து நிற்பது. ஒரு கொலை வழக்கின் விசாரணையையே தேவன் அதில் நாவலாக ஆக்கினார். இங்கிலீஷ் கிராமத்து மர்மக் கதையில், இறுதியில் அனைவரும் ஓர் அறையில் கூட்டப்படுவர். துப்பறிவாளர் எழுந்து நின்று ஒருவரைச் சுட்டிக் காட்டுவார்; அத்தோடு எல்லாம் முடியும். சாட்சியம் சட்டப்படி நிற்குமா, குறுக்கு விசாரணையில் நிலைக்குமா என்ற வினா அங்கே எழுவதில்லை. தேவன் அந்த வினாவிலிருந்தே தொடங்கினார். சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகக் கூண்டில் ஏறுகின்றனர். ஒரு வக்கீல் கட்டியதை மற்றொருவர் இடிக்கிறார். கண்ணால் கண்டதாகச் சொல்பவரின் நினைவும் பிழைபடக்கூடும் என்பது படிப்படியாகத் தெரிய வருகிறது.

அந்நாளில் சென்னை உயர்நீதிமன்றத்தின் செஷன்ஸ் விசாரணைகளில் ஒன்பது ஜூரர்கள் அமர்வது வழக்கம். 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அவ்வாறு விதித்திருந்தது. சட்டம் படிக்காத சாதாரணக் குடிமக்கள் சாட்சியங்களைக் கேட்டு, குற்றவாளி அல்லது நிரபராதி என்று தம் முடிவைத் தெரிவிப்பர். 1959இல் பம்பாயில் நடந்த நானாவதி வழக்குக்குப்பின் அம்முறையின் மேலிருந்த நம்பிக்கை பெரிதும் தளர்ந்தது. 1973ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் அதற்கு இடமில்லாமற் போயிற்று. தேவன் எழுதிய காலத்தில் அது உயிருள்ள முறை. எனவே, வாரந்தோறும் விசாரணையைப் படித்த வாசகர் தம்மைப் பத்தாவது ஜூரராகக் கருதிக்கொள்ள இடமிருந்தது. ரங்கராஜு காலத்தில் வியந்து நின்ற வாசகர், சாம்புவின் காலத்தில் சிரித்துத் தெளிந்த வாசகர், இப்போது ஓர் உயிரின் மீது தீர்ப்புக் கூறும் பொறுப்பை ஏற்கிறார். தமிழ்த் துப்பறியும் கதையின் வளர்ச்சியில் இதுவே தேவன் கண்ட பெரும்படி.

இதழாசிரியரும் எழுத்தாளரும்

துப்பறியும் கதைகளோடு தேவன் நின்றுவிடவில்லை. மைதிலி, மாலதி, கல்யாணி, மிஸ்டர் வேதாந்தம், லக்ஷ்மி கடாட்சம், மிஸ் ஜானகி, கோமதியின் காதலன் எனப் பல நாவல்களை எழுதினார். சி.ஐ.டி. சந்துரு என்னும் நாவலில், சாம்புவுக்கு நேர்மாறாக உண்மையிலேயே அறிவுள்ள துப்பறிவாளர் ஒருவரைப் படைத்துத் தம் திறனை நிறுவினார். ராஜத்தின் மனோரதத்தில் வீடு கட்டுவோர் படும் பாட்டைச் சித்திரித்தார். ஐந்து நாடுகளில் அறுபது நாள் என்னும் பயண நூலும் அவருடையது. கோமதியின் காதலன் 1955இல் திரைப்படமாயிற்று. தமிழ் எழுத்தாளர் சங்கத்தின் தலைமைப் பொறுப்பையும் அவர் வகித்தார். இவ்வளவும், பிறருடைய படைப்புகளைத் திருத்தி, தேர்ந்து, வாரந்தோறும் இதழைக் குறித்த நேரத்தில் கொண்டுவரும் பெருஞ்சுமைக்கு நடுவே நிகழ்ந்தவை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

1957ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் தேவன் காலமானார். ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகள் ஒரே இதழுக்கு உழைத்த அவர், தம் தொடர்கள் நூலுருப் பெற்றதைக் காணாமலே மறைந்தார். அவர் படைத்த சாம்பு தகுதியின்றியே எல்லாப் புகழையும் அடைந்தார். படைத்தவரோ, தகுதி இருந்தும், தம் பெயர் பொறித்த நூலொன்றைக் கையில் ஏந்தும் எளிய மகிழ்ச்சியையும் பெறவில்லை. அவர் கதைகளில் காணும் எந்த முரணையும்விடக் கூர்மையான முரண் இது.

ஆனால் வாசகர்கள் காத்திருக்கவில்லை. வார இதழிலிருந்து பக்கங்களைக் கத்தரித்து, வரிசைப்படுத்தி, பைண்டு செய்து வீட்டு அலமாரியில் வைத்தனர். அட்டையின்றி, சில அத்தியாயங்கள் விட்டுப்போய், ஓரங்கள் பழுத்த அத்தொகுப்புகள் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டன. பிற்காலத்தில் அல்லயன்ஸ் முதலிய பதிப்பகங்கள் அவற்றை முறையாக நூலாக்கின. சாம்பு நாடக மேடை ஏறினார். அவ்வேடம் தாங்கிய நடராஜனுக்குச் சாம்பு என்பதே அடைமொழியாயிற்று. தொலைக்காட்சியில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக நடித்து, இதழைக் கண்டறியாத தலைமுறைக்கும் அவரை அறிமுகம் செய்தார்.

நிறையும் குறையும்

தேவனைப் போற்றுவோர் அவர்தம் எல்லையையும் உணர்தல் வேண்டும். அவர் உலகம் பெரும்பாலும் சென்னையிலும் தஞ்சையிலும் வாழ்ந்த, படித்த மேல்சாதி நடுத்தரக் குடும்பங்களின் உலகம். உழவரும் நெசவாளரும் அதில் மையப் பாத்திரங்களாக இடம்பெறுவது அரிது. வறுமை சுதர்சனத்தின் வீட்டு வாசல்வரை வருகிறது. அதற்கப்பால் உள்ள தெருக்களுக்கு எழுத்தாளர் செல்வதில்லை. அகதா கிறிஸ்டியின் சிற்றூர்களைப் பற்றியும் இதே குறை கூறப்படுவதுண்டு. மாளிகையில் நடந்த கொலைக்கு ஊரே வாய்திறக்கிறது; மாளிகையில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் வாழ்வைப் பற்றி எவரும் வினவுவதில்லை. ஒரு குற்றவாளியை அகற்றிவிட்டால் ஊர் மீண்டும் தூய்மையாகிவிடும் என்ற நம்பிக்கை இருவர் எழுத்துக்கும் அடித்தளம். காஞ்சியின் தறிக்குழிகளையோ, ஏனாத்தூர் போன்ற சிற்றூர்களின் ஏரிக்கரைகளையோ களமாகக் கொண்டு, கடனும் சாதியும் நிலவழக்கும் பின்னிய ஒரு குற்றத்தை ஆராயும் நாவலுக்கான இடம் அவர்களுக்குப் பின்னும் திறந்தே இருக்கிறது.

எனினும் அக்குறை அவர் செய்ததைச் சிறிதாக்காது. தமிழ்வாணனின் சங்கர்லாலும் சுஜாதாவின் கணேஷ், வசந்தும் தோன்றுவதற்கு முன்பே, இரவல் சட்டையைக் கழற்றிவிட்டுத் தமிழ்ப் பேச்சோடும் தமிழ்ச் சிரிப்போடும் மர்மக் கதை நடமாட முடியும் என்று மெய்ப்பித்தவர் தேவன். உயர் இலக்கியம் பேசுவோர் அவரை நகைச்சுவையாளர் என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டுச் சென்றனர். அந்தத் தீர்ப்பை மறு விசாரணைக்கு எடுத்துக்கொள்ளும் உரிமை வாசகருக்கு உண்டு.

அதற்கு இலக்கிய வட்டங்களுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. ஜஸ்டிஸ் ஜகந்நாதன் நாவலை ஒன்பது பேர் படிக்கலாம். தீர்ப்பு வரும் பகுதிக்கு முன்னால் நூலை மூடிவிட்டு, ஒவ்வொருவரும் தம் முடிவையும் அதற்கான காரணத்தையும் தாளில் எழுதி வைக்கலாம். அதன்பின் கூடி வாதிடலாம். எந்தச் சாட்சியை நம்பினோம், ஏன் நம்பினோம், ஒருவருடைய உடையையும் பேச்சையும் குலத்தையும் வைத்தே அவரை ஐயுற்றோமா என்று ஒருவரையொருவர் வினவலாம். இறுதிப் பக்கங்களை அதற்குப் பிறகு பிரித்தால் போதும். தேவனின் முடிவோடு வாசகரின் முடிவு ஒத்துவருகிறதா என்பது அப்போது சிறிய செய்தியாகிவிடும். சக மனிதர் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்வதற்கு எவ்வளவு சான்று வேண்டும் என்ற வினாவோடுதான் ஒன்பது பேரும் வீடு திரும்புவர்.